ஒரே நாளில் வெயில், மழை, குளிர்!
மலாய் நாட்டில் தமிழர் குடியேறிய கதை

காலையில் பனி. பகலில் சுட்டெரிக்கும் வெயில். பிற்பகலில் இடியோடு கூடிய மழை. இரவில் போர்வை தேடும் குளிர்!

இத்தனையும் ஒரே நாளில் வந்து போகும் நாடு, மலாய் நாடு. இன்று மலேசியா என்று அழைக்கப்படும் நாட்டின் ஒரு பகுதி அது. அங்கே போய், காட்டை அடுத்துக் குடியிருந்து, ரப்பர் மரங்களை வளர்த்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல ஜில்லாக்களில் இருந்தும் அவர்கள் போனார்கள்.

போனவர்களில் பலர் பிழைத்தார்கள். பலர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அதுதான் இந்தக் கதை.

அக்கரைச் சீமை

1877-ம் ஆண்டில் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பிரேசில் நாட்டு விதையில் முளைத்த கன்றுகள் அவை. அந்தக் கன்றுகளின் சந்ததிதான் பிறகு மலாய் நாட்டையே மூடியது. மோட்டார் கார் வந்தது. காருக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு ஆள் வேண்டும்!

ஆள் பிடிக்கக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தார்கள். கங்காணி வேற்று ஆள் அல்ல. சொந்த ஊர்க்காரர், பல சமயம் சொந்தக்காரர். ஜரிகை வேட்டியும் கடிகாரமுமாக வந்து நிற்பார். "அங்கே மரத்தைக் கீறினால் பால் வடியும், பால் வடிந்தால் பணம்" என்பார். மழை பொய்த்துக் கடனில் கிடந்த குடும்பங்களுக்கு அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது.

மழையைப் பற்றி மட்டும் அவர் அதிகம் சொல்ல மாட்டார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவார்கள். கப்பலின் மேல் தட்டில் பாய் விரித்துப் படுப்பார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் பினாங்கு தெரியும். 1926-ம் ஆண்டு முதல் 1973-ம் ஆண்டு வரை இந்த வழியில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயர் தெரியாத மலாய் நாட்டுத் தமிழர் குடும்பம் அபூர்வம். கரை கண்டதும் ஊருக்குள் விட்டுவிட மாட்டார்கள். தொற்று நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சில நாட்கள் தனி முகாமில் வைத்திருப்பார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரஜாக் தீவில் அப்படி ஒரு முகாம் இருந்தது.

அதன் பிறகு ரயில். ரயிலை விட்டு இறங்கினால் நடை. நடை முடியும் இடத்தில் தோட்டம்.

வியர்வை உலராத ஊர்

திருச்சியில் இல்லாத வெயிலா? சித்திரை, வைகாசியில் அங்கே 38, 40 டிகிரி அடிக்கும். கோலாலம்பூரில் பகல் வெயில் 32, 33 டிகிரிதான். கணக்கைப் பார்த்தால் நம் ஊர் வெயில்தான் கொடுமை. ஆனால் புது ஆள் ஒருவர் மலாய் நாட்டில் ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடித்தால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். காரணம் என்ன?

காரணம், காற்றில் இருக்கும் ஈரம்.

உடம்பு வியர்ப்பது எதற்காக? வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் ஊர்க் கோடையில் காற்று உலர்ந்திருக்கும். வியர்த்தது உடனே காயும், உடம்பு குளிரும். மர நிழலில் நின்றால் சுகம். மலாய் நாட்டில் காற்றிலேயே தண்ணீர் நிறைந்திருக்கிறது. வியர்வை போக இடம் இல்லை. அது உலராமல் வழிந்து ஓடும். சட்டை நனையும், சூடு குறையாது. நிழலில் நின்றாலும் புழுக்கம்தான்.

ஆனால் மனித உடம்பு பெரிய சாமர்த்தியசாலி. பத்துப் பதினான்கு நாட்கள் அந்த வெக்கையில் வேலை செய்தால் அது தானே பழகிக்கொள்கிறது. முன்னைவிடச் சீக்கிரம் வியர்க்கத் தொடங்குகிறது. வியர்வையில் வீணாகும் உப்பு குறைகிறது. வேலை செய்யும்போது படபடவென்று அடித்துக்கொண்ட இதயம் நிதானம் அடைகிறது. முதல் இரண்டு வாரம்தான் கண்டம். அந்த இரண்டு வாரம் புது ஆளிடம் முழு வேலை வாங்காத இடத்தில் ஆட்கள் தேறினார்கள். முதல் நாளே முழு வேலை வாங்கிய இடத்தில் படுத்துவிட்டார்கள்.

இதில் நம் பழைய சோறும் ஒரு வைத்தியம்! இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை, காலையில் உப்புப் போட்டுக் கரைத்து, நீராகாரத்தோடு குடித்துவிட்டு வேலைக்குப் போவது தமிழர் வழக்கம். வியர்வையில் போகும் இரண்டு பொருள்கள், தண்ணீரும் உப்பும். இரண்டும் அந்த ஒரு சொம்பில் இருந்தன. டாக்டர் யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் அல்ல அது.

உப்பு உருகும் சமையல் அறை

ஆண்களுக்கு வெக்கை என்றால் பெண்களுக்கு ஈரம்.

துவைத்த துணி காயாது. காய்ந்தது என்று மடித்து வைத்தால் மறுநாள் நாற்றம் அடிக்கும். உப்பு ஜாடியில் உப்பு நீராக நிற்கும். அப்பளம் துவண்டு போகும். மிளகாய் வற்றலில் பூஞ்சை பூக்கும். தீக்குச்சியைக் கிழித்தால் மருந்து உதிரும், நெருப்பு வராது. ஊரில் இருந்து ஆசையாகக் கொண்டு வந்த தோல் செருப்பு, ஒரு மாதத்தில் பச்சைப் பாசி பிடித்துக் கிடக்கும்!

இதற்கெல்லாம் வழி கண்டார்கள். அடுப்புக்கு மேலே பரண் கட்டி, மிளகாயையும் புளியையும் கருவாட்டையும் புகை படும்படி வைத்தார்கள். தீப்பெட்டி பிஸ்கோத்து டின்னுக்குள் போயிற்று. மழை வருமுன் துணியை எடுக்க, வேலைக்குப் போகாத கிழவி ஒருத்தி வாசலில் காவல் இருந்தாள்.

எவ்வளவு மழை? திருச்சியில் ஆண்டுக்கு 90 சென்டிமீட்டர்கூடப் பெய்வதில்லை. கோலாலம்பூரில் ஏறக்குறைய 240 சென்டிமீட்டர். நம் ஊரைப் போல ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு ஓய்ந்து போகிற மழை அல்ல அது. மழை இல்லாத மாதமே கிடையாது. பேராக் மாநிலத்தில் தைப்பிங் என்று ஓர் ஊர். அங்கே இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று ஜனங்கள் பந்தயம் கட்டுவார்களாம்!

மழை பெய்தால் கூலி இல்லை

விவசாயி மழையைக் கண்டால் கும்பிடுவான். தோட்டத்தில் மழையைக் கண்டால் வயிறு கலங்கும்.

ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதனால் இருட்டிலேயே சங்கோ மணியோ ஒலிக்கும். எல்லோரும் 'பெரட்டு'க் களத்தில் வந்து நிற்க வேண்டும். கிராணி பெயரைக் கூப்பிடுவார். பிறகு உளியும் வாளியுமாகக் காட்டுக்குள் நடை. ஓர் ஆளுக்கு முந்நூறு, நானூறு மரங்கள். மரம் மரமாகப் போய்ப் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், தண்டல் திட்டுவார். சீவிய கோட்டில் பால் இறங்கி மங்கில் சொட்டும். வெயில் ஏறிய பிறகு மறுபடியும் சுற்றி வந்து பாலைச் சேர்க்க வேண்டும்.

இரவு மழையில் மரம் நனைந்திருந்தால்? பால் கோட்டில் நிற்காது. பட்டை முழுவதும் பரவி வழிந்து வீணாகும். அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் பால் கூலி இல்லை. புல் வெட்டும் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். கூலியோ சொற்பம். ரப்பர் விலை விழுந்த 1930-ம் ஆண்டில், ஆணுக்கு 40 காசு, பெண்ணுக்கு 32 காசு என்று நாள் கூலியைக் குறைத்தார்கள். அதிலும் வாரத்தில் இரண்டு நாள் மழையில் போனால், கடைக்காரத் தவுக்கேயிடம் கடன் ஏறாமல் எப்படி இருக்கும்?

பால் வெட்டும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையைத் துணியால் சுற்றிக்கொண்டார்கள். அழகுக்காக அல்ல. மேலே கொசு, கீழே அட்டை!

சட்டை ஒரு கொசுவைத் தடுக்கும். ஆயிரம் கொசுவைத் தடுக்குமா?

குளிர் காய்ச்சல்

வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆள் வெக்கைக்குப் பழகிவிட்டான். கூலி வாங்கத் தொடங்கிவிட்டான். திடீரென்று ஒரு நாள் பகலில் பல் கிட்டும். உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். எத்தனை கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. பிறகு நெருப்பாகச் சுடும். பிறகு வியர்த்துக் கொட்டி விட்டுவிடும். 'சரியாகிவிட்டது' என்று எழுந்து நடந்தால், ஒரு நாள் விட்டு மறுபடியும் அதே நேரத்தில் அதே குளிர்!

"தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்கள் ஜனங்கள். "சதுப்பு நிலத்தின் கெட்ட காற்று" என்றார்கள் பழைய காலத்து வெள்ளைக்கார வைத்தியர்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

இரண்டும் தப்பு. 1897-ம் ஆண்டில் நம் நாட்டில், ஹைதராபாத்தை அடுத்த செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர் உண்மையைக் கண்டுபிடித்தார். ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து, அதற்குள் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். குற்றவாளி காற்று அல்ல, கொசு!

நான்கு ஆண்டுகள் கழித்து அந்த உண்மைக்கு மலாய் நாட்டில் பரீட்சை வந்தது.

மூடச் சொன்ன துறைமுகம்

சிலாங்கூர் மாநிலத்தில் கிள்ளான் என்ற ஊர். அதற்குப் பக்கத்தில், அலையாத்திக் காட்டுச் சேற்றின் நடுவே, 1901-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒரு புதிய துறைமுகத்தைத் திறந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். இன்று அது போர்ட் கிள்ளான். திறந்த சில வாரங்களுக்குள் துறைமுகமே படுத்துவிட்டது. மூட்டை தூக்குபவர் முதல் அதிகாரி வரை எல்லோருக்கும் காய்ச்சல். இத்தனை செலவு செய்து கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

அப்போது கிள்ளானில் இருந்த அரசாங்க டாக்டர், மால்கம் வாட்சன். வயது முப்பதுகூட ஆகவில்லை. "மூட வேண்டாம், சதுப்பு நீரை வடியுங்கள், ஊரைச் சுற்றி உள்ள காட்டை வெட்டுங்கள்" என்பது அவருடைய யோசனை. கரை போட்டுக் கடல் நீரைத் தடுத்தார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். குட்டைகளைத் தூர்த்தார்கள்.

பலன் என்ன தெரியுமா? 1901-ம் ஆண்டில் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த மலேரியா நோயாளிகள் 610 பேர். அடுத்த ஆண்டு 199 பேர். அதற்கு அடுத்த ஆண்டு 69 பேர்!

கடலோரச் சமவெளித் தோட்டங்களிலும் இதே வழியைப் பின்பற்றினார்கள். அங்கேயும் காய்ச்சல் ஓடியது. விஷயம் முடிந்தது என்றே நினைத்தார்கள்.

தெளிந்த ஓடையில் இருந்த எமன்

முடியவில்லை!

ரப்பர் விலை ஏறியதும் தோட்டங்கள் சமவெளியை விட்டு மலைச்சாரலுக்கு ஏறின. அங்கேயும் காட்டை வெட்டினார்கள். சதுப்பு கிடையாது. சேறு கிடையாது. பளிங்கு போல ஓடும் சிற்றோடைகள். பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் காட்டை வெட்ட வெட்ட அங்கே காய்ச்சல் குறையவில்லை, கூடியது! சில தோட்டங்களில் ஒரே ஆண்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் மாண்டார்கள்.

வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போனார். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். மலேரியா அடிக்கடி வந்த குழந்தைக்கு மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கட்டி போலக் கைக்குத் தட்டுப்படும். எத்தனை குழந்தைகளுக்குக் கட்டி இருக்கிறது என்று எண்ணினால், அந்தத் தோட்டத்தில் காய்ச்சல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மலைத் தோட்டங்களில் கட்டி இல்லாத குழந்தையைக் காண்பதே அரிதாக இருந்தது.

புதிர் கடைசியில் அவிழ்ந்தது. எல்லா மலேரியாக் கொசுவும் ஒரே ஜாதி அல்ல! சமவெளிக் காட்டில் இருந்த கொசுவுக்கு நிழல் வேண்டும். கறுத்த தேக்க நீர் வேண்டும். காட்டை வெட்டி வெயில் பட்டால் அது ஒழியும். மலைச்சாரல் கொசு நேர் எதிர். அதற்கு வெயில் வேண்டும். ஓடுகிற சுத்தமான தண்ணீர் வேண்டும். காடு மூடியிருந்த வரையில் ஓடைகளில் நிழல் இருந்தது. அந்தக் கொசு தலையெடுக்கவில்லை. மரத்தை வெட்டினார்கள், ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. ரப்பர் நட இடம் செய்தவர்கள் கொசுவுக்கும் சேர்த்து இடம் செய்துவிட்டார்கள்.

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். கூலிக்காரர்களின் லயங்களை எங்கே கட்டியிருந்தார்கள்? தண்ணீர் எடுக்க வசதி என்று, ஓடைக்குப் பக்கத்திலேயே! குழந்தைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று தாய் எந்த ஓடைக்குக் குடத்தோடு போனாளோ, அந்த ஓடையில்தான் அதைக் கொல்லும் கொசு பிறந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே பல ஆண்டுகள் தெரியவில்லை.

கொயினாவும் எண்ணெயும்

வழி என்ன? முதலில் கொயினா. காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு வாய் கொயினாக் கரைசல் ஊற்றுவார்கள். வேப்பெண்ணெய் தோற்றுப் போகும் கசப்பு! காதில் 'கொய்' என்று இரையும். வாயில் அடக்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்த் துப்பியவர்கள் உண்டு. கொயினா உயிரைக் காத்தது. ஆனால் கொசு இருக்கும் வரையில் காய்ச்சலும் இருந்தது.

பிறகு ஓடைகளைப் புதைத்தார்கள். மண்ணுக்கு அடியில் குழாய் பதித்து, நீரை அதற்குள் விட்டு, மேலே மண்ணை மூடினார்கள். வெயில் படாத நீரில் கொசு முட்டையிட வழி இல்லை. நல்ல யோசனைதான், செலவுதான் அதிகம். 1914-ம் ஆண்டு முதல் இன்னொரு வழி வந்தது. வாரம் ஒரு தரம் ஓடையில் எண்ணெய் தெளிப்பது. நீர் மேல் படலமாகப் பரவும் எண்ணெய், கொசுப் புழுவை மூச்சுவிட விடாது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் வாரம் ஒரு தரம் போதும். முதுகில் எண்ணெய் டின்னைச் சுமந்து ஓடை ஓடையாகத் திரிந்தவரும் ஒரு தோட்டத் தொழிலாளிதான். அவரால் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கு இல்லை.

இரண்டு பண்டிகை, ஒரு பருவம்

சாவு குறைந்த பிறகுதான் தோட்டம் ஊராயிற்று. மாரியம்மன் கோயில் எழுந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடம் வந்தது. ஆயாக் கொட்டகையில் தொட்டில்கள் நிறைந்தன. தீபாவளியும் தைப்பூசமும் பெரிய நாட்களாயின. பத்துமலையில் 1892-ம் ஆண்டு முதல் தைப்பூசம் நடக்கிறது.

நாற்று நடவும் இல்லை, அறுவடையும் இல்லை; மாதங்கள் எல்லாம் ஒரே மாதிரி. ஊர் நினைவு வந்தவர்களுக்கு இதுவே பெரிய குறை. ஆனால் ரப்பர் மரம் ஒரு பருவத்தைக் கொடுத்தது. மாசி, பங்குனி வாக்கில் மரங்கள் சிவந்து இலையை உதிர்த்துவிடும். காடே மொட்டையாக நிற்கும். பால் குறையும், கூலியும் குறையும். பிறகு தளிர் விடும். காய் முற்றினால் வெயிலில் 'படார்' என்று வெடித்துக் கொட்டை தெறிக்கும். அதைப் பொறுக்கி விளையாடியது அங்கே பிறந்த குழந்தைகளின் பால்ய நினைவு.

அந்தக் குழந்தைகளின் தமிழில் புதுச் சொற்களும் ஏறின. ரப்பருக்குக் கித்தா. மலாய்க்காரர் கிராமத்துக்குக் கம்பம். சந்தைக்குப் பசார்.

எல்லாம் நன்றாகவே போயிற்று என்று சொல்ல முடியாது. கூலிக் கொடுமை நீடித்தது. 1936-ம் ஆண்டு இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் நேரில் போய்ப் பார்த்து வந்தார். 1938-ம் ஆண்டில், உதவிப் பணத்தில் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடுத்தது. ஜப்பானியர் காலத்தில், தோட்டங்களில் இருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கற்ற பாடம் எதையும் அந்தக் காட்டில் யாரும் கவனிக்கவில்லை. கொயினா இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, சோறும் இல்லை. தோட்டத்தில் இருந்தவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள்.

இன்று ரப்பர் காடுகளில் பெரும் பகுதி செம்பனைத் தோட்டமாகிவிட்டது. பல தோட்டங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பேரப் பிள்ளைகள் மாடிக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். 2018-ம் ஆண்டு முதல், மனிதரிடம் இருந்து மனிதருக்கு உள்நாட்டில் பரவும் மலேரியா மலேசியாவில் பதிவாகவில்லை. இப்போது வருவது குரங்குகளிடம் இருந்து கொசு கொண்டு வரும் வேறு வகை. அதுவும் காட்டோரம் வேலை செய்பவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது.

மழை மட்டும் மாறவில்லை. பிற்பகலில் மேகம் கறுத்தால், பத்தாவது மாடியிலும் ஒரு பாட்டி துணியை எடுக்க எழுந்திருக்கிறாள்.